மாடி ரூம் டிவில படம் நின்னு நின்னு சுத்துதா? பிளானை ஏத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

போன சித்திரைத் திருவிழால அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு விடிகாலைல எங்கம்மா மாடி ரூம்ல கட்டில்ல சாஞ்சு உக்காந்து டிவில லைவ் பாத்துக்கிட்டு இருந்தாங்க. முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம்தான் ஆகிருந்துச்சு, அதனால வருஷா வருஷம் வைகைக் கரைக்குப் போறவங்க அந்தத் தடவை போக முடியலை. தங்கக் குதிரைல அழகர் ஆத்துக்குள்ள வர்ற நேரம் பாத்து படம் அப்படியே நின்னுருச்சு, நடுவுல வட்டம் சுத்துது, சவுண்டு மட்டும் ரெண்டு செகண்டு "கோவிந்தா"ன்னு வந்துட்டு அதுவும் போயிருச்சு. திரும்ப படம் வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அம்மா ஒண்ணும் சொல்லலை, ரிமோட்டை மட்டும் தலகாணி பக்கத்துல வச்சுட்டு கண்ணை மூடிக்கிட்டாங்க.

அதுக்கு முன்னாடியே நான் இதுக்காக காசு செலவு பண்ணிருந்தேன். 599 ரூபா பிளானை 999 பிளானுக்கு மாத்தி, அதுவும் ஆறு மாசம் மொத்தமா கட்டி (மாசத்துக்கு 400 கூட, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 2,832 ரூபா), அது பத்தாதுன்னு 1,900 ரூபாய்க்கு ஒரு எக்ஸ்டெண்டர் (வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்புற பெட்டி) வேற. ரெண்டும் பிரயோஜனம் இல்லை. கடைசில பிரச்சினை தீர்ந்தது 2,920 ரூபா செலவுல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். நான் சுத்துன சுத்து நீங்க சுத்த வேண்டாம்னுதான் வரிசையா எழுதுறேன், இதே வரிசைல பண்ணுங்க, நடுவுல தாவாதீங்க, ஏன்னா முதல் மூணு ஸ்டெப்புக்கு பெரும்பாலும் காசே கிடையாது.

1. எங்க அடைக்குதுன்னு முதல்ல கண்டுபிடிங்க

நெட்டு ரெண்டு பாதியா வருது. தெருவுல இருந்து வீட்டுக்குள்ள இருக்குற பாக்ஸ் (வைஃபை ரூட்டர்) வரைக்கும் கண்ணாடி ஃபைபர், அது நெட்காரங்க பொறுப்பு. பாக்ஸ்ல இருந்து டிவி வரைக்கும் காத்துல வர்ற வைஃபை, அது நம்ம பொறுப்பு. பிளானை ஏத்துனா முதல் பாதி மட்டும்தான் வேகமாகும். ரெண்டாவது பாதில அடைப்பு இருந்தா நீங்க 1000 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தோட அளவு) வாங்குனாலும் மாடில அதே கதைதான்.

இன்னொண்ணு, படம் ஓட பெருசா வேகமே வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் சொல்ற கணக்குப்படி ஃபுல் ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் இருந்தா போதும். யூடியூப் 4கே-க்கு 20ன்னு சொல்லுது. அப்ப 100 எம்பிபிஎஸ் பிளான்ல ஏன் நிக்குதுன்னா, வேகம் கம்மிங்கிறதால இல்லை, விட்டு விட்டு வர்றதால. குழாய்ல தண்ணி வேகமா வந்துட்டு ரெண்டு நிமிஷம் காத்து மட்டும் வர்ற மாதிரி. ஸ்பீட் டெஸ்ட் அந்த ரெண்டையும் கலந்து சராசரியா ஒரு நம்பர் காட்டிரும், அதைப் பாத்து ஏமாந்துறாதீங்க.

டெஸ்ட் பண்ற முறை இதுதான். படம் எந்த நேரத்துல நிக்குதோ அதே நேரத்துல பண்ணணும், எங்க வீட்ல நைட்டு எட்டரைல இருந்து பத்தரை வரைக்கும்தான் மோசம், மத்தியானம் டெஸ்ட் பண்ணா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.

முதல்ல போனை எடுத்துக்கிட்டு பாக்ஸ் பக்கத்துல ஒரு ஆறடில நின்னு, மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு, ஃபாஸ்ட் டாட் காம்ல வேகம் பாருங்க. அது நெட்ஃபிளிக்ஸ் நடத்துற டெஸ்ட், அவங்க சர்வர்ல இருந்தே இழுத்துப் பாக்கும். பிளான்ல சொன்னதுக்குப் பக்கத்துல வந்தா தெரு லைன் நல்லாருக்குன்னு அர்த்தம். அப்புறம் டிவி பக்கத்துல போய் அதே டெஸ்ட், மூணு தடவை, தடவைக்கு ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு. எங்க வீட்ல கீழ 190 வந்துச்சு, மாடில முதல் தடவை 31, அடுத்து 11, அடுத்து 24. இப்படி ஏறி இறங்குனாலே பாதி விஷயம் புரிஞ்சிரும்.

இன்னும் உறுதியா தெரியணும்னா பிங் (ஒரு சின்னக் கேள்வி அனுப்பி பதில் வர எத்தனை மில்லி செகண்டு ஆகுதுன்னு அளக்குறது) பாக்குற ஆப் ஒண்ணு போட்டுக்கோங்க, இலவசமாவே நிறைய இருக்கு. டிவி பக்கத்துல நின்னு முதல்ல உங்க பாக்ஸோட அட்ரஸுக்கு பிங் அடிங்க (பெரும்பாலும் 192.168.1.1, பாக்ஸுக்கு அடில ஸ்டிக்கர்ல இருக்கும்), ரெண்டு நிமிஷம் ஓடட்டும். அப்புறம் வெளிய இருக்குற கூகுள் சர்வர் 8.8.8.8-க்கு அடிங்க. வீட்டுக்குள்ள இருக்குற பாக்ஸுக்கே பிங் 5, 4, 6ன்னு வந்துட்டு திடீர்னு 380, 500, பதிலே இல்லைன்னு வந்தா அது முழுக்க வைஃபை கோளாறு, நெட்காரங்களைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. பாக்ஸுக்கு சீரா வந்து 8.8.8.8-க்கு மட்டும் குதிச்சா லைன்ல கோளாறு, நேரா 8-வது ஸ்டெப்புக்குப் போங்க.

டிவிலயே பாக்கணும்னா யூடியூப்ல ஒரு வீடியோ ஓட விட்டு செட்டிங்ஸ்ல "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்"ன்னு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. அதுல பஃபர் ஹெல்த்னு ஒரு வரி, இத்தனை செகண்டு படம் கைவசம் இருக்குன்னு காட்டும். சாதாரண வீடியோவுக்கு அது நிறைய ஏறி நிக்கும், நடுவுல பத்து செகண்டு நெட்டு தடுமாறுனாலும் உங்களுக்குத் தெரியாது. லைவ்ல அது ரொம்ப கம்மியாத்தான் இருக்கும், ஏன்னா அடுத்த பத்து செகண்டு இன்னும் நடக்கவே இல்லையே, எங்க இருந்து சேத்து வைக்கும்? "படம் நல்லா ஓடுது, கிரிக்கெட்டும் திருவிழாவும் மட்டும் நிக்குது"ன்னு சொல்றவங்களுக்கு காரணம் இதுதான். நானும் இதைப் புரிஞ்சிக்காமத்தான் ஆப் மேல சந்தேகப்பட்டு ரெண்டு தடவை அழிச்சு அழிச்சு ஏத்துனேன்.

2. பாக்ஸ் எங்க உக்காந்திருக்கு?

கனெக்‌ஷன் குடுக்க வர்ற தம்பிக்கு அன்னைக்கு நாலு வீடு முடிக்கணும், அதனால வாசல் ஜன்னல் வழியா ஃபைபரை உள்ள விட்டு அங்கயே பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டுப் போயிருவாரு. பல வீட்ல அது ஈபி மீட்டர் பக்கத்துலயோ, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலயோ, டிவிக்குப் பின்னாடி கபோர்டுக்குள்ளயோதான் இருக்கு. வைஃபை நாலா பக்கமும் போறது, வாசல்ல வச்சா பாதி தெருவுக்குப் போயிரும்.

நம்ம ஊர் வீட்டுல எதெது சிக்னலைத் தின்னும்னா, முதல் எதிரி கான்கிரீட் தளம், உள்ள இரும்புக் கம்பி வலை மாதிரி கட்டியிருக்காங்கல்ல அது. அப்புறம் இரும்பு பீரோ, அதுலயும் ஆளுயரக் கண்ணாடி வச்ச பீரோ, ஃபிரிட்ஜ், தண்ணி டேங்க், மீன் தொட்டி. எங்க வீட்ல பாக்ஸுக்கும் மாடிப்படிக்கும் நடுவுல அம்மாவோட கல்யாண பீரோ நின்னுச்சு. பாக்ஸை ஹாலுக்கு நடுவுல, தலைக்கு மேல உயரத்துல, மாடிப்படிக்கு நேரா மாத்துனதுக்கே மாடில சிக்னல் மைனஸ் 78-ல இருந்து மைனஸ் 71-க்கு வந்துச்சு.

இந்த மைனஸ் கணக்கு என்னன்னா, டிபிஎம்னு சொல்வாங்க, சைபருக்குப் பக்கத்துல இருந்தா நல்லது. மைனஸ் 50 அருமை, வீடியோவுக்கு மைனஸ் 67 வரைக்கும் தாங்கும், 70-ஐத் தாண்டிட்டா தகராறுதான். ஆண்ட்ராய்டுல வைஃபை அனலைசர் மாதிரி ஆப்ல தெரியும். ஐஃபோன்ல ஆப்பிளோட ஏர்போர்ட் யுட்டிலிட்டியைப் போட்டு, ஃபோன் செட்டிங்ஸ்ல அந்த ஆப்புக்குள்ள வைஃபை ஸ்கேனரை ஆன் பண்ணாத்தான் காட்டும். டிவில தெரியுற நாலு கோட்டை நம்பாதீங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. பாக்ஸை நகத்துறப்ப ஃபைபரை நீங்களா இழுக்காதீங்க, மடக்காதீங்க. கரண்டு வயர் மாதிரி கிடையாது, உள்ள கண்ணாடி, சின்னதா மடங்குனாலே வெளிச்சம் கசிஞ்சிரும். சுருட்டி வைக்கணும்னா உள்ளங்கை அகலத்துக்குக் குறையாம வட்டமா வைங்க. நுனியைக் கழட்டி கண்ணுக்கு நேரா வச்சும் பாக்காதீங்க, அதுல வர்ற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது ஆனா கண்ணுக்கு ஆகாது. லைன்மேனைக் கூப்பிட்டா நீளமான பேட்ச் கார்டு (பாக்ஸ்ல மாட்டுற ஃபைபர் துண்டு) போட்டுத் தருவாரு, என்கிட்ட 250 ரூபா வாங்குனாரு.

3. செட்டிங்ஸ்ல நாலு மாத்தம்

பாக்ஸ் ஸ்டிக்கர்ல அட்ரஸ், யூசர் நேம், பாஸ்வேர்டு இருக்கும், போன் பிரவுசர்லயே உள்ள போயிரலாம். போறதுக்கு முன்னாடி அந்த ஸ்டிக்கரை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க, ஒவ்வொரு பக்கத்தையும் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துக்கோங்க.

முதல்ல பேரைப் பிரிங்க. வைஃபை 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசைல (பேண்ட்) வரும், ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிருந்தா டிவி எது கிடைக்குதோ அதுல ஒட்டிக்கும், பெரும்பாலும் 2.4-ல. 2.4 தூரமாப் போகும், சுவரையும் தாண்டும், ஆனா அதுலதான் பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே இருக்கு. 5 வேகம், நெரிசல் கம்மி, ஆனா ஒரு கான்கிரீட் தளத்தைத் தாண்டுறதுக்குள்ள களைச்சுப் போயிரும். அதனால ஒரே ரூம்லயோ அடுத்த ரூம்லயோ டிவி இருந்தா 5, அதுக்கு மேல தூரம்னா 2.4.

அடுத்து சேனல், அந்த அலைவரிசைக்குள்ள இருக்குற தனித்தனித் தடம். 2.4-ல ஒண்ணோடு ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணுதான். அனலைசர்ல பாத்து எதுல கூட்டம் கம்மியோ அதை வைங்க, 3, 4, 8னு நடுவுல வச்சா ரெண்டு பக்கமும் இடிபடும். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ்ல வைங்க, 40 வச்சா வேகம் கூடும்னு சொல்வாங்க, நெருக்கமான தெருவுல அது கெடுதல்தான். 5-ல 36-ல இருந்து 48 வரைக்கும், இல்லைன்னா 149-ல இருந்து 161 வரைக்கும் வைங்க. நடுவுல 52-ல இருந்து 144 வரை இருக்குற சேனல்கள்ல ராடார் இருக்குற மாதிரி தெரிஞ்சா பாக்ஸ் உடனே அந்த சேனலை விட்டு வெளிய வரணும்னு விதி, அப்ப படம் நிக்கும், சில டிவிக்கு அந்த சேனல் தெரியவே தெரியாது.

அப்புறம் பாஸ்வேர்டு. கனெக்‌ஷன் குடுத்தப்ப வச்ச பாஸ்வேர்டே இன்னும் இருக்குன்னா இன்னைக்கே மாத்துங்க. மாத்திட்டு கனெக்ட் ஆகிருக்குற டிவைஸ் லிஸ்ட்டைப் பாருங்க, வேற யாராவது உங்க வைஃபைல ஒட்டிக்கிட்டு இருக்காங்களான்னு.

நாலாவது செட்டிங் பாக்ஸ்ல இல்லை, எல்லார் போன்லயும் இருக்கு. போட்டோ பேக்கப். நைட்டு வீட்டுக்கு வந்ததும் எல்லா போனும் வைஃபைல ஒட்டி அன்னைக்கு எடுத்த வீடியோவை எல்லாம் மேல ஏத்த ஆரம்பிக்கும், அப்லோடு நிரம்பிருச்சுன்னா டவுன்லோடும் தடுமாறும், ஏன்னா டிவி "அடுத்த துண்டு அனுப்பு"ன்னு கேக்குற கேள்வியும் அதே கியூலதான் நிக்குது. என் தம்பி போன்ல பேக்கப்பை நிறுத்துனதும் நைட்டு ஒன்பது மணி தொல்லை பாதியாக் குறைஞ்சிருச்சு, இதை யாருமே சொல்றதில்லை.

4. டிவியையும் ஸ்டிக்கையும் பாருங்க

கம்மி விலை ஸ்மார்ட் டிவி நிறைய 2.4 மட்டும்தான் எடுக்கும். அட்டைப்பெட்டில வைஃபைன்னு போட்டிருக்குற இடத்துல 802.11 பி/ஜி/என்னு மட்டும் இருந்தா பெரும்பாலும் அது 2.4 மட்டும்தான், ஏசின்னு சேத்து இருந்தா 5-ம் எடுக்கும்.

டிவில சொருகுற ஃபயர் டிவி மாதிரி ஸ்டிக் வச்சிருக்கீங்கன்னா அது டிவிக்குப் பின்னாடி, சுவருக்கும் டிவியோட தகடுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கும், சிக்னல் எங்க இருந்து வரும்? ஃபயர் டிவி ஸ்டிக் பெட்டிலயே ஜாண் நீளம்கூட இல்லாத ஒரு எக்ஸ்டெண்டர் வயர் குடுத்திருப்பாங்க, அதை எல்லாரும் பெட்டியோட பரண்ல போட்டுருவோம். எடுத்து மாட்டி ஸ்டிக்கை டிவிக்கு வெளிய தொங்க விடுங்க. கரண்டை டிவியோட யூஎஸ்பில இருந்து எடுக்காதீங்க, கூட வந்த அடாப்டரை பிளக்ல மாட்டுங்க, பவர் பத்தலைன்னா ஸ்டிக் தானா ரீஸ்டார்ட் ஆகும், நாம நெட்டைக் குறை சொல்லிக்கிட்டு இருப்போம்.

ஸ்டோரேஜ் நிறைஞ்சிருந்தாலும் ஆப் தடுமாறும். தேவையில்லாததை அழிச்சிருங்க. இதுவரைக்கும் செலவு அதிகபட்சம் அந்த 250 ரூபாதான், நேரம் ஒரு ராத்திரி. நிறைய வீட்டுக்கு இதோட சரியாகிரும். சரியாகலைன்னா அடுத்தது.

5. வயர் இழுங்க

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நிரந்தரமான தீர்வு இது ஒண்ணுதான். அசையாம ஒரே இடத்துல இருக்குற பொருளுக்கு, டிவிக்கு, காத்துல எதுக்கு அனுப்பணும்? என் கணக்கை அப்படியே தர்றேன், உங்க ஊர்ல கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்:

கேட் 6 வயர் (நெட்டு போற வயர்) 25 மீட்டர், மீட்டர் 22 ரூபா வீதம் 550. முனைல போடுற ஆர்ஜே 45 நாலு, 40 ரூபா (ரெண்டு போதும், கிரிம்ப் பண்றப்ப, அதாவது வயர் முனைல வச்சு அழுத்துறப்ப, ஒண்ணு ரெண்டு வீணாகும்). பிளாஸ்டிக் கேசிங், ஆணி கிளிப் எல்லாம் சேத்து 180. வயர் இழுத்து கிரிம்ப் பண்ணிக் குடுத்த சிசிடிவி வேலை பாக்குற அண்ணனுக்குக் கூலி 500. மாடில வைக்க கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் உள்ள சாதாரண டூயல் பேண்ட் ரூட்டர் 1,650. மொத்தம் 2,920. டிவிக்கு மட்டும் போதும், மாடில போனுக்கு வைஃபை வேண்டாம்னா ரூட்டரே வேண்டாம், வயரை நேரா டிவில சொருகிரலாம், 1,270-ல முடிஞ்சிரும். நெட்காரங்களைத் தேடாதீங்க, கேமரா மாட்டுற ஆளுங்க இதை நல்லா பண்றாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தாரு, நாலரைக்குக் கிளம்பிட்டாரு.

இதுல மாட்டிக்கிற இடங்கள் நிறைய இருக்கு, நிதானமாப் படிங்க.

வயர் வாங்குறப்ப "முழு காப்பரா அண்ணே?"ன்னு கேளுங்க. அலுமினியக் கம்பிக்கு மேல காப்பர் முலாம் பூசுன வயர் பாதி விலைல கிடைக்கும், மேல கேட் 6னே அச்சடிச்சிருக்கும். நுனியைக் கத்தியால சுரண்டிப் பாத்தா உள்ள வெள்ளையாத் தெரியும். கைல எடுத்தா கனமும் கம்மியா இருக்கும், ரெண்டு தடவை மடக்குனா ஒடிஞ்சிரும். கடைக்காரர் சுரண்ட விடலைன்னா அந்தக் கடைல வாங்காதீங்க.

வயருக்குள்ள எட்டுக் கம்பி. எட்டும் சரியா உக்காந்தாத்தான் 1000 எம்பிபிஎஸ், நாலு மட்டும் உக்காந்தா 100-ல நிக்கும், ஆனா வேலை செய்யும், அதனால யாரும் கண்டுக்க மாட்டாங்க. கிரிம்ப் பண்ணதும் டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியுதான்னு நீங்களே நின்னு பாருங்க. எங்க வீட்ல முதல் தடவை ஏழாவது லைட்டு எரியலை, வெட்டிட்டு மறுபடி போட்டாரு.

நிறைய டிவில இருக்குற, இந்த வயரைச் சொருகுற லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். இதைக் கேட்டுப் பயந்துறாதீங்க. 4கே-க்கு வேண்டியது 20, அது ஆடாம அசையாம வந்தாப் போதும். பாக்ஸ் பக்கமும் கவனிங்க, சில பாக்ஸ்ல முதல் போர்ட் மட்டும்தான் கிகாபிட், மிச்சம் 100. மாடி ரூட்டருக்குப் போற வயரை அந்த முதல் போர்ட்ல மாட்டுங்க.

கரண்டு வயர் போற பைப்புக்குள்ள இதைச் சேத்து இழுக்காதீங்க, தனியாப் போகட்டும். மொட்டை மாடி வழியா வெளியில போட வேண்டியிருந்தா வெளிப்பயன்பாட்டு வயர்னு கேட்டு வாங்குங்க, சாதாரண வயரோட மேல் உறை நம்ம வெயிலுக்கு வெடிச்சிரும். முடிஞ்சா மாடிப்படி ஓரமா உள்ளயே கொண்டு போங்க, வெளிய போற காப்பர் வயருக்கு இடி மின்னல் பயமும் இருக்கு.

மாடி ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோட்ல (கீழ இருக்குற நெட்வொர்க்கையே மாடிக்கு நீட்டுற மோட்) போடுங்க. இதை விட்டுட்டா மாடி தனி நெட்வொர்க், கீழ தனி நெட்வொர்க் ஆகிரும், நெட்டு வரும் ஆனா கீழ இருந்து போன்ல காஸ்ட் பண்ணா (போன்ல ஓடுறதை டிவிக்கு அனுப்புனா) மாடி டிவி தெரியாது. அந்த மோட் இல்லாத பழைய ரூட்டர்னா அதோட அட்ரஸை 192.168.1.2ன்னு மாத்தி, டிஹெச்சிபியை (ஒவ்வொரு டிவைஸுக்கும் அட்ரஸ் குடுக்குற செட்டிங்) ஆஃப் பண்ணி, வயரை வான் (WAN) போர்ட்ல மாட்டாம லேன் போர்ட்ல மாட்டுங்க, அதே வேலைதான். வைஃபை பேரும் பாஸ்வேர்டும் கீழ இருக்குற மாதிரியே வைக்கலாம், சேனல் மட்டும் வேற வேற.

வாடகை வீடுன்னா டிரில் போடுறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட கேட்டுருங்க, வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா இருந்தா நல்லது. ஓட்டை போட விடலைன்னா ஏசி பைப் போற ஓட்டை, ஜன்னல் இடுக்கு வழியாப் போகலாம்.

6. வயர் முடியவே முடியாதுன்னா

எக்ஸ்டெண்டர் கடைசி வழி. ஒரே பேண்ட்ல வாங்கி அதே பேண்ட்ல திருப்பி அனுப்புறதால வேகம் பாதியாக் குறையும், தாமதமும் கூடும். அப்படியே வாங்குனாலும் டிவி பக்கத்துல வைக்காதீங்க, நான் பண்ண தப்பு அதுதான், சிக்னல் இல்லாத இடத்துல வச்சா இல்லாத சிக்னலைத்தானே அது பெருசாக்கும். பாதி வழில, மைனஸ் 60, 65 கிடைக்குற இடத்துல வைங்க.

மெஷ் (ரெண்டு மூணு பெட்டி சேந்து ஒரே வைஃபையாத் தர்றது) இதைவிட நல்லாருக்கும், ரெண்டு பெட்டி உள்ள செட் 5,000-ல இருந்து 9,000 வரைக்கும் ஆகும். ஆனா நடுவுல கான்கிரீட் தளம் இருந்தா ரெண்டு பெட்டியும் பேசிக்கிறது அந்தத் தளத்தைத் தாண்டித்தான், அதனால மாடிப்படி வழியா ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தட்ட கண்ணுல படுற மாதிரி வைங்க. திருப்பிக் குடுக்க வசதி இருக்குற இடத்துல வாங்கி, அந்த நாளுக்குள்ள நைட்டு நேரத்துல சோதிச்சுப் பாத்துருங்க. பின்னாடி எப்பவாவது வயர் இழுத்தா அதே மெஷ் பெட்டியை வயர்ல இணைச்சுக்கலாம், லேன் போர்ட் இருக்கான்னு பாத்து வாங்குங்க.

7. கரண்டு

இன்வெர்ட்டர் இருக்குன்னு அசால்ட்டா இருக்காதீங்க. கரண்டு போய் இன்வெர்ட்டர் எடுக்குற அந்த ஒரு நொடில சில பாக்ஸ் அணைஞ்சு மறுபடி எழுந்திருக்கும், திரும்ப நெட்டு வர ரெண்டு மூணு நிமிஷம். ரூட்டருக்குன்னே சின்ன யூபிஎஸ் 1,000-ல இருந்து 1,500-க்குக் கிடைக்குது. வாங்குறதுக்கு முன்னாடி அடாப்டர்ல எழுதியிருக்குற வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்க, பெரும்பாலும் 12 வோல்ட். யூபிஎஸ்ல வோல்ட் அதே இருக்கணும், ஆம்பியர் அதே இல்லைன்னா கூட இருக்கணும். மாடில ரூட்டர் வச்சா அதுக்கும் ஒண்ணு வேணும், இதை மறந்துறாதீங்க.

8. நெட்காரங்ககிட்ட பேசுறது, பேப்பர் விஷயம்

லைன்லதான் கோளாறுன்னு 1-வது ஸ்டெப்ல தெரிஞ்சா "நெட்டு ஸ்லோ"ன்னு சொல்லாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லி வச்சிருவாங்க. "ஆப்டிகல் பவர் எவ்வளவு வருது?"ன்னு கேளுங்க. பாக்ஸ் செட்டிங்ஸ்லயே ஆர்எக்ஸ் பவர்னு இருக்கும். மைனஸ் 15-ல இருந்து மைனஸ் 25 வரைக்கும் நல்லது, மைனஸ் 27-ஐத் தாண்டிருச்சுன்னா எங்கயோ ஃபைபர் மடங்கியிருக்கு இல்லைன்னா ஜாயின்ட் சரியில்லை. அந்த நம்பரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிங் ஸ்கிரீன்ஷாட்டையும் சேத்து அனுப்புங்க, பேச்சே மாறிரும். பாக்ஸ்ல எல்ஓஎஸ் (LOS)னு போட்ட லைட்டு சிவப்பா எரிஞ்சா வெளிச்சமே வரலைன்னு அர்த்தம், நீங்க வீட்ல பண்றதுக்கு ஒண்ணும் இல்லை.

புகார் குடுத்தா டாக்கெட் நம்பர் (புகார் பதிவு எண்) கேட்டு வாங்குங்க. லைன்மேன் நம்பருக்கு போன் பண்ணிச் சொன்னது புகார் ஆகாது. டாக்கெட் போட்டும் சரி பண்ணலைன்னா அந்தக் கம்பெனியோட அப்பீல் அதாரிட்டிக்கு மேல்முறையீடு பண்ணலாம், காசு கிடையாது, டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். அப்பீல் பண்றப்ப அந்த டாக்கெட் நம்பர் கைல இருக்கணும்.

புதுசா கனெக்‌ஷன் எடுக்குறவங்க ஆதார், ஃபோட்டோ, வாடகை வீடுன்னா அக்ரிமென்ட் காப்பி எடுத்து வைங்க. விலைல ஜிஎஸ்டி சேந்திருக்கான்னு கேளுங்க, 799ன்னு சொல்றது பில்லுல 942.82 ஆகும். இன்ஸ்டாலேஷனுக்குத் தனிக் காசா, பாக்ஸுக்கு டெபாசிட்டான்னும் கேளுங்க, டெபாசிட்னா ரசீது வாங்காம விடாதீங்க. அன்லிமிடெட்னு சொன்னாலும் மாச அளவு ஒண்ணு இருக்கும், அதைத் தாண்டுனா வேகத்தை இறக்கிருவாங்க, அந்த அளவு எத்தனை ஜிபின்னு எழுத்துல கேளுங்க. நெட்ஃபிளிக்ஸ் கணக்குல 4கே ஓடுனா ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரைக்கும் போகும்.

முதல்ல ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டுங்க. ஆறு மாசம் கட்டுனா ஒரு மாசம் இலவசம்னு சொல்வாங்க, என் தெருவுல லைன் எப்படி இருக்குன்னு தெரியாம நான் அதுலதான் மாட்டுனேன். ஒரு மாசத்துல நாலு ஞாயித்துக்கிழமை நைட்டு வருது, நாலும் நல்லாருந்தா அப்புறம் மொத்தமாக் கட்டிக்கலாம். பாக்ஸ் சீரியல் நம்பர், கஸ்டமர் ஐடி ரெண்டையும் ஃபோட்டோ எடுத்து வைங்க, வீடு மாறுறப்ப பாக்ஸைத் திருப்பிக் குடுத்ததுக்கு எழுத்துல வாங்குங்க.

ஏதாவது திருவிழா, மேட்ச்சுன்னு முக்கியமான லைவ் இருந்தா ஒரு வாரம் முன்னாடியே அதே நேரத்துல, அதே டிவில, அதே ஆப்ல ஒரு மணி நேரம் ஏதாவது லைவ் ஓட விட்டுப் பாருங்க. எங்க வீட்ல வயர் போட்ட மறுநாள் விடிகாலை அஞ்சு மணிக்கு அம்மாவுக்கு ஒரு கோயில் லைவ் போட்டுக் குடுத்தேன், அபிஷேகம் முடிஞ்சு தீபாராதனை வரைக்கும் முக்கால் மணி நேரம் ஒரு தடவைகூட வட்டம் வரலை. "டிவி மாத்திட்டியாடா?"ன்னு கேட்டாங்க.